சங்கமா, உரிமமா? புதிதாக வந்திருக்கும் நில அளவையர்களுக்கும் வரைபடத் துறையினருக்கும்

நில அளவையிலோ வரைபடத் தயாரிப்பிலோ, இடம் சார்ந்த தகவலைக் கணினியில் வரைபடமாக்கிக் கையாளும் ஜிஐஎஸ்ஸிலோ பயிற்சி பெற்று வேறொரு நாட்டில் வந்து இறங்கியவர்கள் முதலில் கேட்பது, “இங்கே எந்தச் சங்கத்தில் சேர வேண்டும்?” என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நீங்கள் செய்யவிருக்கும் வேலைக்கு அந்த நாட்டுச் சட்டம் உரிமம் கேட்கிறதா? இது தெரியாமல், வந்த புதிதில் நானும் ஒரு சங்கத்துக்கு ஓராண்டுச் சந்தா கட்டி, தபாலில் வந்த உறுப்பினர் அட்டையையே உரிமம் என்று நம்பியிருந்தேன். நேர்காணலில் உரிம எண்ணைக் கேட்டபோதுதான் உண்மை விளங்கியது.

இத்துறையில் தொழில்முறை அமைப்பு என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலை செய்யும் அமைப்புகள் இருக்கின்றன. சட்டத்தால் நிறுவப்பட்டு, யார் எல்லை வரைபடத்தில் கையெழுத்திடலாம் என்று முடிவு செய்பவை ஒரு வகை. விரும்பியவர்கள் சேர்ந்து கூட்டமும் பயிற்சியும் நடத்துபவை இன்னொரு வகை. இவற்றுக்கு நடுவே, உரிமம் தராமல் உங்கள் தகுதிக்குச் சான்று மட்டும் தருபவையும் உள்ளன. முதல் வகையின் அனுமதி இல்லாமல் சொத்து எல்லையைக் குறித்துக் கொடுப்பது பல நாடுகளில் குற்றம்.

கனடாவில் உரிமம் மாகாணத்தின் பொறுப்பு. ஒன்டாரியோவில் 1892இல் தொடங்கிய ஒன்டாரியோ நில அளவையர் சங்கமே, பெயரில் சங்கமாக இருந்தாலும், சட்டப்படி உரிமம் வழங்கும் அமைப்பாகும். வெளிநாட்டில் படித்தவர்களின் பாடத்திட்டத்தைப் பாடம் பாடமாக ஒப்பிட்டு, எந்தத் தேர்வுகளிலிருந்து விலக்கு அளிக்கலாம் என்று பார்க்கும் பணியைப் பெரும்பாலான மாகாணங்களுக்குப் பொதுவான கனேடியத் தேர்வு வாரியம் செய்கிறது. எனவே பட்டச் சான்றிதழோடு, படித்த காலத்துப் பாடத்திட்டத்தின் விரிவான நகலும் உங்களிடம் இருக்க வேண்டும். அதன் பிறகும் உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் பயிற்சியும் மாகாணச் சட்டத் தேர்வும் மீதம் இருக்கும். அமெரிக்காவில் உரிமம் மாநில வாரியங்களின் கையில் இருந்தாலும், அந்த வாரியங்களின் தேசியக் கூட்டமைப்பான என்சிஇஇஎஸ் நடத்தும் எஃப்எஸ் (அடிப்படைத் தேர்வு), பிஎஸ் (தொழில்முறைத் தேர்வு) என்ற இரு தேர்வுகள் நாடு முழுவதற்கும் பொது. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலத்தில் பெற்ற பதிவை வைத்து மற்ற மாநிலங்களிலும் நியூசிலாந்திலும் பதிவு பெறப் பரஸ்பர அங்கீகாரம் உதவும்.

அளப்பதில் இவ்வளவு அனுபவம் இருக்கும்போது சட்டத் தேர்வு எதற்கு என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஒரு மனையின் முகப்பு 100 அடி, அதாவது 30.48 மீட்டர், என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோணத்தையும் தூரத்தையும் மின்னணு முறையில் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் கருவியை நிறுத்தி அளக்கும் உங்களுக்கு, ஆதியில் நட்ட இரு எல்லைக் குறிகளுக்கு இடையே 30.41 மீட்டர்தான் கிடைக்கிறது. கருவியில் பழகிய மனம், குறியை 7 சென்டிமீட்டர் தள்ளி நடச் சொல்லும். ஆனால் ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில், அசையாமல் இருக்கும் ஆதிக் குறியே பொதுவாக எல்லை. எழுதப்பட்ட அளவு அதற்கு அடுத்த நிலைச் சாட்சிதான். அந்தக் குறி உண்மையில் ஆதிக் குறியா, வேலி போட்டவர் பின்னாளில் அடித்த கம்பியா என்று தீர்மானிப்பதுதான் எல்லை அளவையின் கடினமான பகுதி. உரிமத் தேர்வு சோதிப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

பிரிட்டனின் நிலை வேறு. சர்வேயர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ‘சார்ட்டர்டு சர்வேயர்’ என்ற பட்டத்துக்கு மட்டும் 1868இல் தொடங்கிய ஆர்ஐசிஎஸ் என்ற தொழில்முறை அமைப்பின் தகுதி வேண்டும். அங்கே சர்வேயர் என்ற சொல் வீட்டின் நிலையைப் பரிசோதிப்பவர், சொத்து மதிப்பீட்டாளர், கட்டுமானச் செலவைக் கணக்கிடுபவர் எல்லோரையும் குறிக்கும். ஆகவே வேலை விளம்பரத்தில் நில அளவையையும் வரைபடத் துறையையும் குறிக்கும் ‘ஜியோமேட்டிக்ஸ்’ என்ற சொல்லையோ கருவிகளின் பெயரையோ தேடிப் பாருங்கள். கட்டுமானத் தளங்களில் அளவை செய்பவர்களுக்கு சிஐசிஇஎஸ் என்ற நிறுவனம் நெருக்கமானது. ஜிஐஎஸ் துறையினருக்கு 1989இல் உருவான புவியியல் தகவல் சங்கம் இருக்கிறது.

ஜிஐஎஸ் வேலைக்குப் பெரும்பாலான இடங்களில் உரிமம் தேவையில்லை. வட அமெரிக்காவில் ஜிஐஎஸ்பி (ஜிஐஎஸ் தொழில்முறையாளர்) என்ற சான்று மதிக்கப்படுகிறது. கல்வி, அனுபவம், துறைக்கு ஆற்றிய பங்களிப்பு ஆகியவற்றின் தொகுப்போடு, 2015 முதல் தேர்வும் உண்டு. ஆனால் ட்ரோன் படங்களிலிருந்து அளவுகளோடு வரைபடம் தயாரித்து விற்பது சில அமெரிக்க மாநிலங்களில் நில அளவை என்ற வரையறைக்குள் வந்துவிடும். வட கரோலினாவில் இப்படி எழுந்த வழக்கொன்றில், 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிம வாரியத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. ஜிஐஎஸ் தெரியும் என்ற துணிவில் பகுதிநேரத் தொழில் தொடங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உலக அளவிலான அமைப்புகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 1878இல் தோன்றிய எஃப்ஐஜி என்ற சர்வதேச நில அளவையர் அமைப்பு முக்கியமாக நாடுகளின் சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு. அதன் மாநாட்டுக் கட்டுரைகளைப் படிப்பது பயன் தரும். வேலை தேடும்போது அதன் பெயரால் பெரிய உதவி கிடைக்காது.

எந்த அமைப்புக்கு விண்ணப்பித்தாலும், பழைய மேலதிகாரியிடமிருந்து வாங்கும் அனுபவக் கடிதம்தான் பலரைத் தடுக்கி விழவைக்கிறது. “இவர் எங்களிடம் 4 ஆண்டுகள் சர்வேயராகப் பணியாற்றினார், நன்னடத்தை உடையவர்” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு மதிப்பீட்டாளரால் எதையும் செய்ய முடியாது. எத்தனை மாதங்கள் களத்தில், எத்தனை மாதங்கள் கணக்கீட்டிலும் வரைவிலும், எந்தக் கருவிகளுடன், எத்தகைய அளவைகளில், யாருடைய மேற்பார்வையில் என்று கடிதம் பிரித்துச் சொல்ல வேண்டும். இப்படி எழுத மேலதிகாரிக்கு நேரம் இருக்காது. நீங்களே வரைவை எழுதி அனுப்பி, சரிபார்த்துக் கையொப்பமிடும்படி கேளுங்கள். அவர் ஓய்வுபெறுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.