குறும்புச் சிறுவர்களின் மௌனப் படத்தைச் சரியான வேகத்தில் திரையிட

1922-இல் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஹால் ரோச் தொடங்கிய 'அவர் கேங்' (Our Gang, 'நம்ம கூட்டம்') என்ற சிறுவர் நகைச்சுவை வரிசையின் மௌனப் படங்கள் பெரும்பாலும் இரண்டு ரீல் நீளம். 35 மி.மீ. ரீலில் 1000 அடி, அடிக்கு 16 பிரேம், அதாவது தனித்தனிப் படம். நொடிக்கு 16 பிரேம் ஓட்டினால் ஒரு முழு ரீல் 16 நிமிடம் 40 நொடி வரும்; 24 வைத்தால் 11 நிமிடத்தில் முடிந்துவிடும். சிரிப்பு வருவதும் வராததும் இந்த ஐந்தரை நிமிட வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

துரத்தல் காட்சியைப் பார்த்து வேகம் வைக்காதீர்கள். கேமராக் கைப்பிடியை மெதுவாகச் சுற்றி, திரையில் விரைவாகத் தெரியவேண்டும் என்றே எடுத்தவை அவை. அதை இயல்பாக்கப் போனால் மற்ற காட்சிகள் ஊர்ந்து போகும். சிறுவர்களின் நடையும் ஏமாற்றும். அவர்கள் எப்போதும் துறுதுறுதான். பெரியவர் ஒருவர் சும்மா நடந்து வரும் இடம், வாளியிலிருந்து தண்ணீர் கொட்டும் இடம், இவற்றைத் தேடுங்கள். 20-இல் தொடங்கி 22, 24 என்று ஏற்றிப் பாருங்கள். தண்ணீர் மிதப்பதுபோல் தெரிந்தால் வேகம் போதவில்லை.

வசன அட்டைகளை வாய்விட்டு ஒருமுறை படிக்க நேரம் இருக்கவேண்டும். சில பிரதிகளில் அட்டைக்கு ஓரிரு பிரேம்தான் மிஞ்சியிருக்கும். அதற்காகப் படத்தை மெதுவாக்காமல், அந்தப் பிரேமை மட்டும் உறையவைத்து நீட்டுங்கள்.

டிஜிட்டலில் 20-ஐ 24 ஆக்க ஒவ்வொரு ஐந்தாவது பிரேமையும், 18 என்றால் ஒவ்வொரு மூன்றாவது பிரேமையும் இருமுறை காட்டினால் போதும். பிரேம்களைக் கலக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஓடும் கால்களுக்கு நிழல் முளைப்பது அதனால்தான்.

16 மி.மீ. பிரதி என்றால் முதலில் முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் ஓட்டாமல் தனியே எடுத்து வையுங்கள். ஃபிலிம் சுருங்கத் தொடங்கியிருக்கும். அடுத்து ஓரத் துளைகள். ஒரு பக்கம் மட்டும் துளையுள்ள பிரதியை இருபக்கமும் பல் உள்ள புரொஜெக்டரில் மாட்டினால், பல் ஃபிலிமையே குத்திக் கிழிக்கும். புரொஜெக்டரில் ஒளியை விட்டுவிட்டு மறைக்கும் ஷட்டருக்கு மூன்று இதழ் இருப்பது நல்லது. 18-இல் இரண்டு இதழ் ஷட்டர் நொடிக்கு 36 தடவைதான் ஒளி தரும், திரை மினுக்கிக் கண்ணை உறுத்தும். மூன்று இதழ் 54 தரும்.

படத்தின் இடப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தால், ஒலித்தடத்துக்கு இடம் விட்டுப் படத்தின் அகலத்தைக் குறைக்கும் சாளரத்தின் வழியே பிரதி எடுத்திருக்கிறார்கள். முழுச்சட்டப் பிரதி கிடைத்தால் அதையே எடுங்கள். ஓரத்தில் பதுங்கியிருக்கும் பொடியனை இழக்கவேண்டாம்.

வேகத்தை முடிவுசெய்த பிறகே பியானோ வாசிப்பவருக்குக் கோப்பைக் கொடுங்கள். பின்னால் வேகத்தை நொடிக்கு இரண்டு பிரேம் மாற்றினாலும் அவர் கணக்குவைத்த ஒவ்வொரு விழுகையும் இடம் மாறிவிடும்.