சகுரா காலத்தில் குழந்தைகளுடன் ஹெய்யான் ஆலயத்துக்குச் செல்வது எப்படி?

சகுரா எனும் செர்ரி மலரும் பருவத்தில் ஜப்பானின் கியோட்டோ நகரத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, பார்க்க நினைத்த இடங்களின் பட்டியலைச் சுருக்குவதுதான். ஒரு நாளில் ஜப்பானின் மரபு மதமான ஷின்டோவின் நான்கு ஆலயங்களையும் மூன்று புத்தக் கோவில்களையும் பார்த்துவிடலாம் என்று பயண நிறுவனங்கள் போட்டுத்தரும் திட்டம் பெரியவர்களையே களைப்படையச் செய்யும். ஓர் ஆலயம், அதை ஒட்டிக் குழந்தைகள் ஓடியாட ஒரு திறந்தவெளி, அருகிலேயே சாப்பிட ஓர் இடம் ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்துக்குள் அமைந்தால் அந்த நாள் நல்லபடியாகக் கழியும். கியோட்டோவின் கிழக்குப் பகுதியான ஒகாசாகியில் உள்ள ஹெய்யான் ஆலயத்தில் இம்மூன்றும் அமைந்திருப்பதால், இந்த வழிகாட்டி அதையே எடுத்துக்கொள்கிறது. இங்கே சொல்லப்படும் வழிபாட்டு முறைகள் பெரும்பாலும் எல்லா ஷின்டோ ஆலயங்களுக்கும் பொருந்தும்.

இந்த ஆலயத்தைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் பெரும்பாலும் காணப்படும் சோமெய் யோஷினோ எனும் செர்ரி வகை மரங்களில் பூக்கள் தலைக்கு மேலே, பெரியவர்கள் அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் பூக்கின்றன. கூட்டத்தின் நடுவே நிற்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு அங்கே தெரிவது மற்றவர்களின் முதுகும் தோள்பையும்தான். ஹெய்யான் ஆலயத் தோட்டத்தின் புகழுக்குக் காரணமான மரங்களோ, கிளைகள் தரையை நோக்கித் தொங்கும் அடர் இளஞ்சிவப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றின் பூக்கள் குழந்தையின் முகத்துக்கு நேராகவே வந்து நிற்கும்.

எப்போது செல்வது

கியோட்டோவில் சோமெய் யோஷினோ வழக்கமாக மார்ச் கடைசி வாரத்தில் பூக்கத் தொடங்கி, ஏப்ரல் முதல் வாரத்தில் முழுமையாக மலரும். ஹெய்யான் ஆலயத்தின் தொங்குகிளை மரங்கள் அதற்குச் சில நாட்கள் பிந்தியே உச்சத்தை எட்டும் என்பதால், ஆலயத் தோட்டத்துக்கு ஏப்ரல் முதல் வாரத்தின் பிற்பகுதியும் இரண்டாம் வாரமும் பொருத்தமானவை. ஆனால் இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. 2021-இல் கியோட்டோவின் மலர்ச்சி மார்ச் 26 அன்றே உச்சத்தை எட்டியது. பழைய நாட்குறிப்புகளையும் அரண்மனைப் பதிவுகளையும் கொண்டு ஆய்வாளர்கள் தொகுத்துள்ள ஆயிரத்து இருநூறு ஆண்டுக் கணக்கிலேயே மிக முந்தியதாக அந்த நாள் குறிக்கப்பட்டது. ஜப்பானில் ஜனவரி முதலே மலர்ச்சி முன்னறிவிப்புகள் வெளிவரத் தொடங்கிவிடுகின்றன. விடுதியை முன்கூட்டியே பதிவு செய்தாலும், ஆலயத்துக்கு எந்த நாள் செல்வது என்பதை அந்த வாரத்து மழையையும் முன்னறிவிப்பையும் பார்த்த பிறகு முடிவு செய்வதே நல்லது, ஏனெனில் முழுமையாக மலர்ந்த மரம் ஒரு வாரம் தாங்கினாலும், பலத்த காற்றோடு பெய்யும் ஒரு மழையில் பெரும்பகுதிப் பூக்களை இழந்துவிடும்.

தேதி எப்படியும் ஒத்துவராது என்றால் நகரின் வடமேற்கில் உள்ள ஹிரானோ ஆலயம் கைகொடுக்கும். அங்கே ஏறத்தாழ 60 வகைகளைச் சேர்ந்த 400 மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பூப்பதால், மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் இறுதிவரை ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, காலை வேளைதான் குழந்தைகளுக்கு ஏற்றது. ஆலய வளாகம் காலை 6 மணிக்கும், பின்புறத் தோட்டம் 8.30 மணிக்கும் திறக்கின்றன. எட்டு மணிக்கு வளாகத்துக்குள் நுழைந்து, வழிபாட்டை முடித்துக்கொண்டு, தோட்டம் திறந்தவுடன் உள்ளே சென்றுவிட்டால், சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேரும் முன் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம். ஏப்ரலில் சில இரவுகளில் விளக்கொளியில் மரங்களைக் காட்டி இசை நிகழ்ச்சியும் நடத்துகிறார்கள். அது அழகானதுதான், ஆனால் கூட்டமும் குளிரும் சேர்ந்துகொள்வதால் சிறு குழந்தைகளோடு செல்ல நான் பரிந்துரைக்கமாட்டேன்.

போக்குவரத்தும் கைப்பையும்

கியோட்டோ ரயில் நிலையத்திலிருந்து நகரப் பேருந்து நேராகச் சென்றாலும், மலர்க் காலத்தில் அதில் குழந்தையோடு ஏறுவதே பெரும்பாடு. கரசுமா சுரங்க ரயிலில் ஏறி, கரசுமா ஓய்கே நிலையத்தில் டோசாய் தடத்துக்கு மாறி, ஹிகாஷியாமா நிலையத்தில் இறங்கினால் பத்து நிமிட நடைதான். ஆறு வயது முதல் பதினொரு வயது வரை பாதிக் கட்டணம். அதற்குக் குறைந்த வயதுக் குழந்தைகள் இருவர் வரை, கட்டணம் செலுத்தும் ஒரு பெரியவருடன் இலவசமாகச் செல்லலாம். குழந்தைத் தள்ளுவண்டி (ஸ்ட்ரோலர்) கொண்டு செல்பவர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஆலயத்தின் பெரிய முற்றம் முழுவதும் வெண்சரளை பரப்பப்பட்டிருப்பதால் சிறு சக்கரங்கள் அதில் புதைந்துவிடும். கைக்குழந்தையை மார்போடு அணைத்துச் சுமக்கும் துணித்தொட்டில் பை அங்கே பெரிதும் உதவும்.

ஏப்ரல் தொடக்கத்தில் கியோட்டோவின் காலை வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கும். நண்பகலில் பதினேழு, பதினெட்டு வரை உயரும். ஆகவே தடித்த ஒரே மேலாடையைவிட, கழற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு, மூன்று மெல்லிய அடுக்குகள் மேல். ஈரத் துடைப்பான், கைக்குட்டை, குப்பைக்கென ஒரு பிளாஸ்டிக் பை, சில்லறை நாணயங்கள் ஆகியவை கட்டாயம் கைப்பையில் இருக்க வேண்டும். ஜப்பானியத் தெருக்களில் குப்பைத்தொட்டி அரிது என்பதால், நம் குப்பையை நாமே விடுதிவரை சுமக்க நேரும். தும்மல், கண் அரிப்பு உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் பரிந்துரைத்த மருந்தை எடுத்துச் செல்வது நல்லது. இப்பருவம் ஜப்பானில் மரங்களின் மகரந்தம் காற்றில் மிகுந்திருக்கும் காலம்.

வாயிலிலிருந்து சன்னிதி வரை

முதலில் தென்படுவது சாலையின் மீதே நிற்கும், ஏறத்தாழ 24 மீட்டர் உயரமுள்ள தோரி எனப்படும் சிவப்பு ஆலய நுழைவாயில். தோரியைக் கடக்கும்போது நின்று ஒருமுறை தலைதாழ்த்தி வணங்குவது மரபு. ஆனால் இந்தத் தோரியின் கீழே வாகனங்கள் ஓடுகின்றன, ஆகவே குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடைபாதையிலிருந்தே வணங்கிவிட்டு, உள்ளே இருக்கும் ஒதென்மோன் வாயிலில் இன்னொரு முறை நிதானமாக வணங்கலாம். பாதையின் நடுப்பகுதி தெய்வம் செல்லும் வழியாகக் கருதப்படுவதால், ஓரமாக நடப்பது மரியாதை. இதைக் குழந்தைகளுக்கு விதியாகச் சொல்வதைவிட, "நடுவழி சாமிக்கு, ஓரவழி நமக்கு" என்று விளையாட்டாகச் சொல்லிவைத்தால் அவர்களே பெரியவர்களைத் திருத்துவார்கள்.

நம் ஊர்க் கோவில்களில் பழகிய குழந்தைகள் வாயிலைக் கண்டதும் செருப்பைக் கழற்ற முனைவார்கள். இங்கே முற்றத்தில் காலணியோடுதான் நடக்க வேண்டும். மரத்தளம் கொண்ட மண்டபத்துக்குள் அழைக்கப்பட்டால் மட்டுமே கழற்ற வேண்டும். தரையில் விழுந்து கும்பிடுவதும், சன்னிதியைச் சுற்றி வருவதும் இங்கே வழக்கமில்லை.

அடுத்தது கை கழுவும் தொட்டி. அகப்பையை வலக்கையில் எடுத்து இடக்கையைக் கழுவி, பிறகு கை மாற்றி வலக்கையைக் கழுவி, மீண்டும் வலக்கைக்கு மாற்றி இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாயைக் கொப்பளிக்க வேண்டும். அகப்பையில் நேரடியாக வாய் வைக்கக் கூடாது. கொப்பளித்த நீரைத் தொட்டிக்குள் அல்லாமல் வெளியே வடியும் கல்தளத்தில் துப்ப வேண்டும். இறுதியாக இடக்கையை மறுபடி கழுவி, அகப்பையைச் செங்குத்தாகப் பிடித்து, மிஞ்சிய நீர் கைப்பிடி வழியே வழிந்த பிறகு அதனிடத்தில் வைக்க வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு பல ஆலயங்கள் அகப்பைகளை எடுத்துவிட்டு, குழாயிலிருந்து விழும் நீரில் கைகளை மட்டும் கழுவும்படி மாற்றிவிட்டன. ஐந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரியவர் நீர் ஊற்ற, கைகளைக் கழுவினாலே போதும். தொட்டியில் விளையாடவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையான வேலை.

சன்னிதிக்கு முன் உள்ள உண்டியலில் நாணயத்தை வீசி எறியாமல் மெல்லப் போட வேண்டும். அதன் பின் இருமுறை ஆழ்ந்து வணங்கி, இருமுறை கைதட்டி, கைகூப்பி வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை வணங்க வேண்டும். குழந்தைகள் இந்தக் கைதட்டலை உடனே விரும்பிவிடுவார்கள். அதனால்தான் ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது: அதே நாளில் புத்தக் கோவிலுக்கும் சென்றால் அங்கே தட்டக் கூடாது, ஓசையின்றிக் கைகூப்பினால் போதும். சன்னிதியின் உட்புறத்தைப் படம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். வார இறுதிகளில் ஷின்டோ முறைத் திருமண ஊர்வலம் முற்றத்தைக் கடந்து செல்வது உண்டு. அப்போது ஒதுங்கி நின்று வழிவிடுவது நல்லது.

முற்றத்தில் குழந்தைகளுக்கு ஒரு தேடல் விளையாட்டும் வைக்கலாம். பிரதான மண்டபத்தின் முன்னே ஒருபுறம் செர்ரி மரமும் மறுபுறம் நாரத்தை இனத்தைச் சேர்ந்த தச்சிபானா மரமும் நிற்கின்றன. பழைய அரண்மனை மரபைப் பின்பற்றி நடப்பட்ட இந்த இணையில் எது எது என்று இலையைப் பார்த்தே அவர்கள் கண்டுபிடிக்கலாம். கியோட்டோ தலைநகரமாகி 1,100 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி 1895-இல் கட்டப்பட்ட இந்த ஆலயம், பழைய அரண்மனையின் மண்டபங்களை எட்டில் ஐந்து பங்கு அளவில் நகலெடுத்தது என்பதைப் பத்து வயதைக் கடந்தவர்கள் ஆர்வத்தோடு கேட்பார்கள்.

ஒமிகுஜி எனும் பலன் சீட்டை எடுப்பதும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். தீய பலன் வந்தால் கவலைப்படாமல் அதை அங்கேயே கட்டிவிட்டு வரலாம். ஆனால் அதற்கென வைத்திருக்கும் கம்பிகளிலோ சட்டங்களிலோதான் கட்ட வேண்டும், உயிருள்ள செர்ரிக் கிளையில் கட்டக் கூடாது.

தோட்டத்தில்

தோட்டத்துக்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. ஒருவழிப் பாதையாகச் சுற்றிவர அமைந்தது. தொங்குகிளை மரங்கள் நுழைந்தவுடனேயே தொடங்கிவிடும் என்பதால், கிளையைத் தொடவோ இழுக்கவோ குலுக்கவோ கூடாது என்பதை வாயிலுக்கு வெளியிலேயே சொல்லிவைக்க வேண்டும். செர்ரி மரத்தில் கிளை முறிந்த இடத்தின் வழியே அழுகல் நுழைந்து மரத்தையே பாதிக்கக்கூடும். வேர்ப்பகுதி மண்ணை மிதித்து இறுக்குவதும் கேடுதான். ஆனால் தரையில் உதிர்ந்து கிடக்கும் இதழ்களைப் பொறுக்கத் தடையில்லை. ஒரு சிறு தாளுறையைக் கொடுத்தால் குழந்தைகளின் கைகள் கிளையை விட்டுத் தரைக்கு இறங்கிவிடும்.

அந்த முதல் பகுதியிலேயே பழைய டிராம் பெட்டி ஒன்று நிற்பதைப் பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். ஜப்பானின் முதல் மின்சார டிராம் 1895-இல் கியோட்டோவில்தான் ஓடத் தொடங்கியது. அதற்கான மின்சாரம் பிவா ஏரிக் கால்வாயின் நீரிலிருந்து எடுக்கப்பட்டது. பூக்களால் சலிப்படைந்த குழந்தையை மீட்டெடுக்க இந்தப் பெட்டி பெரிதும் பயன்படும். நடுத் தோட்டத்துக் குளத்தில் உருண்டையான படிக்கற்கள் வரிசையாகப் போடப்பட்டிருக்கின்றன. அவை பழைய சஞ்சோ, கோஜோ பாலங்களின் தூண்களாக இருந்தவை. கைப்பிடி எதுவும் இல்லாததால், சிறியவர்களை அங்கே தனியே விடக் கூடாது. கடைசிக் குளத்தின் மீதுள்ள கூரையிட்ட மரப்பாலத்தில் அமர்ந்து மீன்களைப் பார்க்கலாம்.

பிறகு

ஆலயத்துக்குள் சாப்பாட்டுப் பையைப் பிரிக்காமல், எதிரே உள்ள ஒகாசாகிப் பூங்காவுக்குச் செல்வது சரியானது. இப்பருவத்தில் எங்கும் விற்கும் இளஞ்சிவப்பு, வெள்ளை, பச்சை நிற அரிசி மாவு உருண்டைகளைக் குச்சியிலிருந்து எடுத்துச் சிறு துண்டுகளாக்கியே கொடுக்க வேண்டும். அவை பிசுபிசுப்பானவை என்பதால் சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு, ஓடும் பிள்ளையின் கையில் குச்சி இருப்பதும் நல்லதல்ல. சைவ உணவு உண்பவர்கள் நூடுல்ஸ் கடைகளில் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் காய்கறி மட்டும் மிதக்கும் தெளிந்த சாறும் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் காய்ச்சப்பட்டதாகவே இருக்கும்.

பிற்பகலுக்கு இரண்டு வாய்ப்புகள் உள்ளன. வசந்த காலத்தில் ஒகாசாகிக் கால்வாயில் இருபத்தைந்து நிமிடப் படகுச் சவாரி நடக்கிறது. இருகரை மரங்களையும் உட்கார்ந்தபடியே பார்க்கலாம் என்பதால் கால் வலிக்கும் குழந்தைக்கு இதுவே சிறந்தது. மற்றொன்று, நடந்து செல்லும் தூரத்தில் 1903-இல் தொடங்கப்பட்ட நகர விலங்குக்காட்சிசாலை. அது வழக்கமாகத் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், குழந்தையிடம் யானையைக் காட்டுவதாக வாக்களிக்கும் முன் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.