பத்து வயது தாண்டிய டிசைர் டீசல்: வாங்கும் முன் எதைப் பார்ப்பது, எவ்வளவு எடுத்து வைப்பது

பழைய கார் தேடிப் போனவர்கள் எல்லோரும் கேட்டிருக்கும் வசனம்: "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டின வண்டி." இதுவரை எனக்குக் காட்டிய வண்டிகளை வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு மருத்துவக் கல்லூரியே நடத்தலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 2012 முதல் 2017 வரை வந்த ஸ்விஃப்ட் டிசைர் டீசல். ஃபியட் வடிவமைத்த அதே 1248 சிசி இன்ஜின் டாடா இண்டிகா விஸ்டாவிலும் ஃபியட் புன்டோவிலும் இருந்தது. அதனால் இதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் எந்த ஊரிலும் கிடைப்பார். மாருதி இந்த டீசல் இன்ஜினை 2020-ல் நிறுத்திவிட்டாலும் பாகங்களுக்குப் பஞ்சமில்லை.

கீழே சொல்லும் தொகைகள் வெளி ஒர்க்‌ஷாப்பில் பாகமும் கூலியும் சேர்த்து ஆகும் தோராயக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் இன்னும் கூடும்.

படி 1: முதலில் காகிதம்

ஆர்.சி.யில் பதிவு தேதியைப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அப்புறம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் காருக்குக் கெடுபிடி இருந்து வந்ததால், அங்கிருந்து வரும் வண்டிகள் இங்கே மலிவாகத் தெரியும். என்.ஓ.சி. (பழைய ஆர்.டி.ஓ. தரும் ஆட்சேபணையில்லாச் சான்று), இங்கே மறுபடி கட்ட வேண்டிய ஆயுள் வரி இரண்டையும் கூட்டிப் பார்த்த பிறகு அது மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

டிசைர் டாக்ஸிக்கும் நிறைய ஓடிய வண்டி. டி போர்டிலிருந்து சொந்தப் பெயருக்கு மாற்றியதா என்று ஆர்.டி.ஓ. பதிவு விவரத்தில் பாருங்கள். மீட்டர் 70,000 காட்டி, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் ரப்பரை நம்புங்கள்.

படி 2: காலையில் போங்கள், பானட்டைத் தொடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இது போதும். நான் முதல் வண்டி வாங்கும்போது மாலை நேரத்தில் போனேன். புரோக்கர் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து சூடாக வைத்திருந்தார். ஒரே சாவியில் பட்டென்று பிடித்தது. மறுநாள் காலை வீட்டு வாசலில் ஐந்தாறு முறை முக்கி, தெருவையே வெள்ளைப் புகையால் மூடியபிறகுதான் கிளம்பியது. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் போயிருந்தது.

அதனால் முந்தின நாளே "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி ஒரு மூன்று மணி நேரம் கழித்து வரலாம். காத்திருக்க மனமில்லை என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கலாம்.

சாவியைப் போட்டு டேஷ்போர்டில் சுருள் வடிவக் காயில் விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்னால் சைலன்சர் பக்கம் நில்லுங்கள்.

கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து உடனே நின்றால் பரவாயில்லை. டீசல் வாடையோடு நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் மேல் சந்தேகம். நான்கையும் கழற்றிச் சோதிக்க இரண்டாயிரம், மூவாயிரம் ஆகும். புதிதாகப் போட்டால் ஒன்றுக்கே பத்தாயிரத்துக்கு மேல். வெள்ளைப் புகையோடு கூலன்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜின் தலைப்பகுதியை அடைக்கும் தகடு போயிருக்கிறது. அந்த வண்டி வேண்டாம்.

கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், அப்புறம் இ.ஜி.ஆர். வால்வு, அதாவது புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு. வால்வில் படிந்த கரியை எடுத்துச் சுத்தம் செய்ய 1,500 முதல் 2,500 ரூபாய். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம்.

நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) சீல் காரணமாக இருக்கலாம், பிஸ்டன் ரிங் தேய்ந்தும் இருக்கலாம். எது என்று தெரிய, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். லேசான காற்று இயல்பு. ரயில் இன்ஜின் மாதிரி குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் வேலை, அதாவது இன்ஜின் இறக்கும் செலவு: 50,000-லிருந்து 80,000 வரை. மூடியின் அடியில் பால்கோவா மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கக்கூடும். மெக்கானிக்கிடம் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

படி 3: ஓட்டிப் பார்ப்பது

இந்த இன்ஜின் 2,000 ஆர்.பி.எம். வரை சோம்பேறிதான். முதல்முறை ஓட்டுகிறவர்கள் வண்டி இழுக்கவில்லை என்று நினைப்பார்கள். அது இதன் பிறவிக்குணம். 2,000 தாண்டியதும் முதுகில் யாரோ தள்ளுவது மாதிரி இருக்க வேண்டும். தாண்டியும் மந்தமாக இருந்து, ஆம்புலன்ஸ் மாதிரி ஊளைச் சத்தமும் கேட்டால் டர்போவைப் பார்க்க வேண்டும். சில சமயம் காற்று ஹோஸ் கிழிந்திருக்கும், ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். டர்போவே போயிருந்தால் ரீகண்டிஷன் 10,000 பக்கம், புதிது என்றால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

கிளட்சுக்கு: நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். ஆர்.பி.எம். முள் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் நழுவுகிறது. செட்டாக மாற்ற 8,000 முதல் 12,000 வரை.

அடுத்து, ஜன்னலை இறக்கிவிட்டு ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள். சக்கரத்தைத் தாங்கும் பாகங்கள் தேய்ந்திருந்தால் கடகட, டொக் டொக் என்று கேட்கும். நம் சாலைகளில் பத்து வருடம் ஓடிய வண்டியில் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். லிங்க் ராட் ஜோடி 2,000-க்குள், லோயர் ஆர்ம் பக்கத்துக்கு மூவாயிரம், முன் ஷாக் அப்சார்பர் இரண்டும் ஏழெட்டாயிரம். புதிதாக வாங்குகிறவர்கள் இந்தச் சத்தத்துக்கு மிரண்டு நல்ல இன்ஜினை விட்டுவிடுகிறார்கள். சத்தம் போடும் வண்டியைச் சரிசெய்துவிடலாம். விலை பேசவும் உதவும். புகை விடும் வண்டிதான் பையைக் காலி செய்யும்.

படி 4: ஏ.சி., டயர்

ஏ.சி.யை நடுப்பகலில் பாருங்கள். "கேஸ் மட்டும் போடணும் சார்" என்பார்கள். கேஸ் தானாகத் தீராது, எங்கோ கசிகிறது. கூலிங் காயில் என்றால் டேஷ்போர்டைக் கழற்றும் கூலியோடு 6,000 முதல் 9,000. கம்ப்ரசர் போயிருந்தால் 15,000-க்குக் குறையாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 3218 என்றால் 2018-ன் 32-வது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருந்தாலும் ஆறேழு வயதான டயரை மாற்றிவிடுவது நல்லது. நான்குக்கும் 16,000 முதல் 20,000.

படி 5: வெள்ளத்தில் மூழ்கியதா?

சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015 டிசம்பர், 2023 டிசம்பர் இரண்டையும் மறக்காதீர்கள். சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள். மூழ்கிய வண்டி என்றால் அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடு போட்டிருக்கும். சீட்டுக்கு அடியில் அது நகரும் இரும்புத் தடம் துருப்பிடித்திருக்கிறதா, கார்பெட்டைத் தூக்கினால் புழுங்கல் வாடை வருகிறதா என்றும் பாருங்கள். அப்படி வந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். வயரிங் கோளாறு என்றைக்கு எங்கே வரும் என்று எந்த எலக்ட்ரீஷியனாலும் சொல்ல முடியாது.

படி 6: கணக்கைப் போட்டு விலை பேசுவது

பார்த்த குறைகளை ஒரு தாளில் தொகையோடு எழுதிக்கொள்ளுங்கள். லோயர் ஆர்ம் இரண்டும் 6,000, கிளட்ச் 10,000, டயர் 18,000 என்றால் 34,000 ஆகிறது. தாளை விற்பவர் முன் வையுங்கள். முழுவதும் குறைக்க மாட்டார், பாதியாவது இறங்கும். எந்தக் குறையும் தெரியாத வண்டிக்கும் தனியாக 30,000 எடுத்து வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் அது கரைந்துவிடும்.

வாங்கிய அன்றே இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கூலன்ட் நான்கையும் மாற்றிவிடுங்கள். ஐந்தாயிரம் பக்கம் ஆகும். போன மாதம்தான் மாற்றினேன் என்று பழைய ஓனர் சொன்னாலும் மாற்றுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பானட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டால் அடுத்த சர்வீஸ் எப்போது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.