ஐரோப்பியவியல் படித்தவர்கள் வேலை தேடத் தொடங்கும் முன்

சட்டம், பொருளாதாரம், வரலாறு, அரசியல் ஆகிய நான்கையும் தொட்டுச் செல்லும் ஐரோப்பியவியல் படிப்பில் எதிலும் முழு ஆழம் வாய்ப்பதில்லை. ஆகவே எரிசக்தி, வேளாண்மை, வணிகம், குடிபெயர்வு போன்றவற்றுள் ஒன்றை இறுதியாண்டுக்கு முன்பே தெரிவு செய்துகொள்வது நல்லது.

அடுத்துக் குடியுரிமையைப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் நிரந்தரப் பணிக்கு ஈப்சோ என்னும் ஐரோப்பியப் பணியாளர் தேர்வு அலுவலகம் நடத்தும் போட்டித் தேர்வுகளை, பொதுவாக உறுப்பு நாடுகளின் குடிமக்களே எழுத முடியும். அதில் தேறினாலும் கைக்குக் கிடைப்பது காத்திருப்புப் பட்டியலில் ஓர் இடமே தவிரப் பணி ஆணை அல்ல. ஐரோப்பிய ஆணையத்தின் புளூ புக் பயிற்சியில் பிற நாட்டவருக்கும் சில இடங்கள் உண்டு. மார்ச்சிலும் அக்டோபரிலும் தொடங்கி ஐந்து மாதம் நடக்கும் இப்பயிற்சிக்கு உதவித்தொகையும் வழங்கப்படுகிறது.

ஆனால் பிரஸ்ஸல்ஸில் இந்த நிறுவனங்களைச் சுற்றி இயங்கும் தொழில்துறைக் கூட்டமைப்புகள், ஆலோசனை நிறுவனங்கள், தன்னார்வ அமைப்புகள், மாநிலப் பிரதிநிதி அலுவலகங்கள் ஆகியவற்றையே நான் முதலில் தேடச் சொல்வேன். ஆணையமும் ஐரோப்பிய நாடாளுமன்றமும் உறுப்பு நாட்டு அமைச்சர்கள் கூடும் கவுன்சிலும் சேர்ந்து பேணும் வெளிப்படைத்தன்மைப் பதிவேட்டை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். எந்த அமைப்பு எந்தச் சட்ட முன்வரைவைப் பின்தொடர்கிறது என்பது அதில் இருப்பதால், வேலை விளம்பரம் வரும்வரை காத்திராமல் உங்கள் துறைக்குரிய அமைப்புகளுக்கு நேரடியாக எழுத முடியும்.

எழுதும்போது சான்றிதழ் நகலுடன் ஒரு பக்கக் குறிப்பொன்றையும் இணையுங்கள். எடுத்துக்காட்டாக, இறக்குமதிப் பொருளின் உற்பத்தியில் வெளியான கரிமத்துக்கு விலை வசூலிக்கும் எல்லைக் கரிமச் சரிக்கட்டல் முறை பற்றிய 2023/956 எண் ஒழுங்குவிதியைக் கொள்வோம். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவற்றின் இறக்குமதிக்கு 2023 அக்டோபர் முதல் அறிக்கை அளித்தால் போதுமென்றிருந்தது. 2026 ஜனவரி முதல் பணப்பொறுப்பும் சேர்ந்துவிட்டது. மூல உரையை மட்டும் படித்தவர், ஆண்டுக்கு 50 டன்னுக்கு மேல் இறக்குமதி செய்யாதவருக்கு 2025-இல் தரப்பட்ட விலக்கைத் தவறவிடுவார் (மின்சாரத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் அவ்விலக்கு இல்லை). ஆகவே ஒன்றியச் சட்டங்களை வெளியிடும் யூர்-லெக்ஸ் தளத்தில் திருத்தங்கள் சேர்க்கப்பட்ட வடிவத்தையே திறக்க வேண்டும். இந்தியாவிலிருந்து எஃகு வாங்கும் இறக்குமதியாளர் ஒருவர் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த ஒரு பக்கத்தில் சொல்ல முடிந்தால், உங்கள் பட்டத்தின் பெயரை விளக்க வேண்டிய தேவையே எழாது.

ஆங்கிலம் போதும் என்பது பாதி உண்மை. பிரெஞ்சோ ஜெர்மனோ செய்தித்தாள் படிக்கும் அளவுக்காவது வந்தாக வேண்டும்.

விசா காலக்கணக்கையும் முன்கூட்டியே போட்டுக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பட்டம் பெற்ற பிற நாட்டவர் வேலை தேடுவதற்கு 18 மாதம் வரையும், நெதர்லாந்தில் ஓராண்டும் தங்க அனுமதி பெறலாம். நெதர்லாந்தின் அனுமதிக்குப் பட்டம் பெற்ற மூன்றாண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம் என்பதால், ஊர் திரும்பியவருக்கும் அந்த வழி உடனே அடைபட்டுவிடுவதில்லை.