கதிர்வீச்சில் வாய் உலராமல் இருக்க: முதல் நாளுக்கு முன்பே செய்ய வேண்டியவை

அப்பாவுக்குத் தொண்டைப் புற்றுநோய். ஏழு வாரத்தில் 35 முறை கதிர்வீச்சு. வாய் உலர்ந்த பிறகுதான் இதைப் பற்றித் தேடத் தொடங்கினேன். நீங்கள் அவ்வளவு தாமதிக்க வேண்டாம்.

1. கதிர்வீச்சின்போது தலை அசையாமல் பிடிக்கும் முகமூடி செய்து, திட்டமிட சிடி ஸ்கேன் எடுக்கும் நாளிலேயே, "உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தவிர்த்துத் திட்டமிட முடியுமா?" என்று கேளுங்கள். காதுக்கு முன்னால் உள்ள பரோடிட் சுரப்பிகள் சாப்பிடும்போது அதிகம் சுரப்பவை. அவற்றுக்குப் போகும் சராசரிக் கதிர்வீச்சு 26 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்குள் அடங்கினால் சுரப்பு மெல்லத் திரும்ப வாய்ப்பு உண்டு. கதிர்களின் செறிவை இடத்துக்கு இடம் கூட்டிக் குறைக்கும் ஐஎம்ஆர்டி (IMRT) முறையில் இதற்கு வழி இருக்கிறது. கட்டி சுரப்பியை ஒட்டி இருந்தால் முடியாமல் போகலாம்.

2. பல் மருத்துவரைப் பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இரண்டு வாரம் முன்பே பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். கதிர்வீச்சுக்குப் பின் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் கெட்டுப்போகலாம். பற்களுக்கு ஃபுளோரைடு ஜெல்லும் கேளுங்கள்.

3. கொப்பளிப்பு. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். 'வாய் சுத்தமாக இருக்கும்' என்று காரமான மவுத்வாஷ் வாங்கினேன். அதில் ஆல்கஹால். அப்பா எரிச்சல் தாங்காமல் கொப்பளிப்பதையே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் வேறு, அதைப் போடாதீர்கள். தினமும் புதிதாகக் கலந்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கொரு தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். எரியவே இல்லை என்றார்.

4. இரவுதான் கொடுமை. சாப்பிடாத நேரத்தில் வாயை நனைப்பது பெரும்பாலும் தாடைக்குக் கீழுள்ள சுரப்பிகள், அவையும் அடிபடும். ஸ்பிரேயைவிடச் செயற்கை உமிழ்நீர் ஜெல்லைத்தான் சொல்வேன், வெகுநேரம் நிற்கிறது. கட்டிலருகே ஈரப்பதமூட்டி வையுங்கள்.

5. உமிழ்நீர் சுரப்பைத் தூண்டும் பைலோகார்பின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். வியர்வை கூடும். கட்டுப்படாத ஆஸ்துமா, குறுங்கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் கூடாது. எனவே தாமாக வாங்க வேண்டாம்.

பிற்சேர்க்கை: புளிப்பு மிட்டாய் சப்பலாமா என்று சிலர் கேட்டீர்கள். வேண்டாம். உமிழ்நீர் இல்லாத வாயில் அமிலமும் சர்க்கரையும் பல்லை அரித்துவிடும். சைலிட்டால் சேர்த்த, சர்க்கரை இல்லாத சூயிங்கம் நல்லது. வாயில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் வறட்சி என்று விட்டுவிடாதீர்கள், பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அன்றே காட்டுங்கள்.