பாய்மரப் படகுல காஃப் பாய் (மேல் விளிம்பை காஃப்ங்கிற சாய்வான கட்டைல கட்டுற நாலு மூலைப் பாய்) ஏத்துறப்ப ஒரு சுருக்கம் விடுங்க
கட்டையோட மரத்துப் பக்க முனையை தூக்குற த்ரோட் கயிறு, வெளி முனையை தூக்குற பீக் கயிறு, ரெண்டையும் சேர்த்து இழுத்து காஃப் கட்டை மேல போனதும் முதல்ல த்ரோட் கயிறை நல்லா டைட் பண்ணி கட்டிடுங்க, அப்புறம் பீக் கயிறை இழுத்துட்டே வாங்க, பீக் முனைலருந்து கீழ முன் மூலை வரைக்கும் குறுக்கால ஒரு சுருக்கம் விழும், அது தெரிஞ்சதும் நிறுத்திடுங்க. பாக்க நல்லாருக்காது, ஆனா அதுதான் கரெக்ட். காத்து நிறைஞ்சதும் கயிறு கொஞ்சம் நீளும், கட்டை லேசா தாழும், சுருக்கம் தானா மறைஞ்சிடும், மொதல்லயே வழவழன்னு ஏத்தினா ஓடும்போது த்ரோட்லருந்து கீழ பின் மூலைக்கு மடிப்பு விழுந்து லோடுல இருக்குற பீக்கை மறுபடி இழுத்துட்டு நிக்கணும். நீளாத டைனீமா கயிறுன்னா சின்ன சுருக்கமே போதும், காத்து ரொம்ப கம்மின்னா பீக்கை கொஞ்சம் விட்டுக் குடுங்க. முக்கோணப் பாய் உள்ள பெர்முடா ரிக்குக்கு இது ஆகாது.