பழ ஈயின் இறக்கை டிஸ்க்கில் நாட்ச் எங்கே தேங்குகிறது? படிப்படியாகப் பார்ப்போம்

இறக்கை டிஸ்க் என்பது லார்வாவுக்குள் (புழுப் பருவத்தில்) இருக்கும், பின்னால் இறக்கையாக வளரும் திசு. நாட்ச் என்பது பக்கத்துச் செல்லின் சமிக்ஞையை வாங்கும் ஏற்பிப் புரதம். முதலில் அது செல்லுக்குள் போகும் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் நாட்ச் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு, ராப்5 என்ற புரதத்தின் உதவியால் ஆரம்ப எண்டோசோமுக்கு (உள்ளே வந்தவற்றைப் பிரித்தனுப்பும் சவ்வுப் பைக்கு) போகிறது. யூபிக்குவிட்டின் (அழிக்க வேண்டியது என்று காட்டும் சின்னப் புரதம்) ஒட்டிய ஏற்பிகளை அங்கே எச்ஆர்எஸ் புரதம் பிடித்துக்கொள்ளும். எஸ்கார்ட் எனப்படும் புரதக் குழுக்கள் அவற்றை எண்டோசோமுக்குள் சின்னக் குமிழ்களாக ஒதுக்கிவிடும். அப்புறம் செல்லின் செரிமானப் பையான லைசோசோம் அவற்றைச் செரித்துவிடும். விபிஎஸ்25 எஸ்கார்ட்-2 குழுவைச் சேர்ந்தது. இந்தப் பாதை உடைந்தால் நாட்ச் எங்கே தேங்கும் என்று பார்க்க, அதையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

1. திட்டுகளை உண்டாக்குதல். எல்லாச் செல்களிலும் விபிஎஸ்25 மரபணு கெட்ட ஈ வளர்ந்து முடிக்காது. அதனால் எஃப்எல்பி/எஃப்ஆர்டி முறையில் (எஃப்எல்பி என்ற நொதி, எஃப்ஆர்டி என்ற டிஎன்ஏ இடங்களில் வெட்டி மாற்றி ஒட்டும்) கெட்ட செல்களும் சரியான செல்களும் சேர்ந்த கலப்புத் திசு செய்கிறோம். வெப்பத்தில் எஃப்எல்பி உருவாகும் லார்வாக்களின் குப்பியை 37 டிகிரி தண்ணீரில் ஒரு மணி நேரம் வையுங்கள். மரபணு கெட்ட செல்களில் ஜிஎஃப்பி (பச்சையாக ஒளிரும் புரதம்) இருக்காது, கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். பக்கத்திலேயே பச்சையாக இருப்பவை சரியான செல்கள். ஒரே டிஸ்க், ஒரே சாயம். இதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது.

2. சாயமேற்றுதல். உணவை விட்டு மேலே ஏறும் மூன்றாம் பருவ லார்வாவைக் குளிர்ந்த பிபிஎஸ்ஸில் (உப்புக் கரைசலில்) அறுத்து, டிஸ்க்கை நிலைநிறுத்த 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வையுங்கள். செல் சவ்வில் துளையிடும் டிரைட்டான் போட்டபின், நாட்ச், எச்ஆர்எஸ் இரண்டுக்கும் ஆன்டிபாடி (குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அதைக் காட்டுவது) போடுங்கள்.

3. இடம் பார்த்தல். ராப்5 இல்லாவிட்டால் நாட்ச் செல்லின் விளிம்பிலேயே நிற்கும். விபிஎஸ்25 இல்லாவிட்டால் உள்ளே பெரிய புள்ளிகளாகச் சேரும்.

4. துரத்திப் பார்த்தல். புள்ளி அதிகம் என்பதாலேயே போக்குவரத்து நின்றுவிட்டது என்று சொல்லிவிட முடியாது, உற்பத்தி கூடியிருக்கலாம். ஆகவே உயிருள்ள டிஸ்க்கில், டிரைட்டான் இல்லாமல், நாட்சின் வெளிப்பகுதிக்கான ஆன்டிபாடியைக் குளிரில் ஒட்டவிட்டுக் கழுவுங்கள். பிறகு அறை வெப்பத்தில் விட்டு, உடனே ஒன்று, சில மணி நேரம் கழித்து ஒன்று என நிலைநிறுத்துங்கள். சரியான செல்களில் புள்ளிகள் மறையும். கெட்ட செல்களில் அப்படியே கிடக்கும். என்னைக் கேட்டால், மற்ற எதை விட்டாலும் இதை விடக்கூடாது.

5. சமிக்ஞை. எச்ஆர்எஸ் கெட்டாலும் நாட்ச் தேங்கும், ஆனால் தேவையில்லாமல் வேலை செய்யாது. விபிஎஸ்25 கெட்டால் வேலை செய்யும். எண்டோசோம் சவ்விலேயே நிற்கும் ஏற்பி வெட்டுப்பட, அதன் உட்பகுதி உட்கருவுக்குப் போய்விடுகிறது. 2005-இல் வந்த ஆய்வுகள் அடுத்த விளைவையும் காட்டின: இந்தச் செல்கள் அன்பேர்டு என்ற புரதத்தைச் சுரந்து, பக்கத்துச் சரியான செல்களைப் பெருகவைக்கின்றன. எனவே டிஸ்க் வீங்கியிருந்தால், பெருகுவது கறுப்புத் திட்டா, பச்சைப் பகுதியா என்று பாருங்கள். கெட்ட செல்கள் சீக்கிரம் செத்தும் போகும். அதைக் காட்ட, சாகும் செல்களில் வேலை செய்யும் காஸ்பேஸ் நொதிக்கான சாயமும் கூடவே போடுங்கள்.